பால் சட்டியில் தெர்மோஸ்டாட்

என் மாமனார் தம் பழைய காரை எங்களுக்குக் கொடுத்த நாளிலிருந்தே அது பத்து கிலோமீட்டர் போவதற்குள் கொதித்துவிடும். "வண்டியில ஒண்ணுமில்ல மாப்ள, ஓட்டுற விதம்தான்," என்பார். அன்று அவர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். மறுநாள் காலை என் மனைவி மலைக்கு அந்தப் பக்கம் வேலையில் சேர வேண்டும். பஸ் கிடையாது, கார் போனால்தான் உண்டு.

என்ஜின் கொதிக்கும்போதும் ரேடியேட்டரின் கீழ்க்குழாய் சில்லென்று இருந்ததால், எனக்குத் தெர்மோஸ்டாட் மேல் சந்தேகம். சூடு ஏறினால் தானே திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடவேண்டிய சின்ன வால்வு அது. என்ஜின் ஆறியதும் கழற்றி, அடுப்பில் பால் சட்டியை வைத்து வெந்நீரில் போட்டேன். மாமனார் பக்கத்திலேயே நின்றார். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. வால்வு அசையவில்லை.

"உங்கள மாதிரியேதாம்ப்பா. எவ்வளவு சூடானாலும் வாயைத் திறந்து தப்புன்னு சொல்லாது," என்றாள் என் மனைவி.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார். புதியதுடன் திரும்பியவரிடம் கை நீட்டினேன், தரவில்லை. அதையும் அதே சட்டியில் போட்டார். மெல்லத் திறந்தது.

"இப்ப மாட்டுங்க," என்றார். பிறகு மகளைப் பார்க்காமல், "மாப்ள ஓட்டுறதுல தப்பில்லம்மா."

"சரிப்பா. இந்தச் சட்டி இனி பாலுக்கு ஆகாது. புதுசு யாரு வாங்கித் தர்றது?"

மறுநாள் மலை ஏறியபோது சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டவில்லை. சட்டிதான் இன்னும் வரவில்லை.