ஐம்பத்திரண்டு ஜி.பி. காலி

ஞாயிற்றுக்கிழமை காலை, குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு தெருமுனையைத் தாண்டியதும், வேதநாயகி வாசிப்பதற்காகப் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டாள்.

"ஏங்க, அது மறுபடியும் நின்னுபோச்சு. எடமில்லைங்குது."

"எது?" என்றார் ரகுராம், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

"எதுவா? கம்ப்யூட்டருங்க. மூணு வாரமா சொல்லிக்கிட்டிருக்கேன். டெலிபோன் ஆபீஸ்ல முப்பத்தஞ்சு வருஷம் இப்படித்தான் கம்ப்ளைண்ட் பாத்தீங்களா?"

"ஊருக்கே பாத்துட்டேன், உனக்குப் பாக்க மாட்டனா," என்று சொல்லிவிட்டு அவர் எழுந்தார்.

பார்வையில்லாத மாணவர்களுக்குப் பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுக்கும் வேலையை அவள் இரண்டு வருடமாகச் செய்துவந்தாள். ஒரு அறக்கட்டளைக்காக, சம்பளமில்லாமல். அதற்கென்று ஒரு முறை வைத்திருந்தாள். மின்விசிறியை நிறுத்துவாள். பீரோவின் இரண்டு கதவுகளையும் விரியத் திறந்து, தொங்கும் புடவைகளுக்கு நடுவே மைக்கை நிறுத்துவாள். தலைக்கு மேல் ஒரு ரஜாயை, கனத்த பஞ்சுப் போர்வையை, போட்டுக்கொள்வாள். வாசிக்கும்போது தவறினால் மேசையில் விரலால் 'டக்'கென்று ஒரு தட்டு. பிறகு அதே வாக்கியம் முதலிலிருந்து. அந்தத் தட்டு திரையில் முள் மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். அதை வைத்துத் தேடிப் பிடித்து, கெட்டுப்போன இடத்தை வெட்டி எடுத்துவிடுவாள்.

அவர்கள் குடியிருந்த தொம்மலூரில் பதிவைக் கெடுப்பதற்கா பஞ்சம்? தலைக்கு மேல் ஹெலிகாப்டர் போகும். தெருவில் கீரைக்காரர் கன்னடத்தில் "ஸொப்பு, ஸொப்பு" என்று நீட்டி முழக்குவார். குக்கர் கூவும். எல்லாவற்றுக்கும் மேலாக ரகுராம் இருந்தார். அவருக்கு இந்த ஊர்க் காற்று அறுபது வயதுக்குப் பிறகும் ஒத்துக்கொள்ளவில்லை. தும்மல் வந்தால் நான்கு வரும். மூன்றும் இல்லை, ஐந்தும் இல்லை. "மூணோட நிறுத்துனா என்ன கொறஞ்சா போயிடும்?" என்று அறைக்குள்ளிருந்து அவள் கத்துவாள். அதுவும் பதிவாகும். அதையும் வெட்டுவாள்.

அன்று அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பார்த்தபோது சி டிரைவின் பட்டை சிவப்பாக, விளிம்புவரை நிரம்பியிருந்தது. தற்காலிகக் கோப்புகள், டவுன்லோடில் கிடந்த பழைய மின்கட்டண ரசீதுகள், ஒரே படத்தின் மூன்று பிரதிகள் என்று ஒவ்வொன்றாக நீக்கினார். முக்கால் மணி நேரத்தில் நான்கு ஜி.பி. தேறியது. பிறகுதான் அந்த ஃபோல்டர் கண்ணில் பட்டது. பெயர், 'வேஸ்ட்'. அளவு, ஐம்பத்திரண்டு ஜி.பி.

"வேதா, வேஸ்ட்னு ஒண்ணு இருக்கே. என்ன அது?"

"வெட்டறதுக்கு முன்னாடி இருந்த பதிவுங்க." சமையலறையிலிருந்து பதில் வந்தது. "ட்ரஸ்ட்ல சரிபாத்து ஓகே சொல்ற வரைக்கும் வெச்சிருக்கணும். ஓகே ஆனதும் அதுல போட்டுடுவேன். இப்ப பாக்கி ஒண்ணுமில்ல."

"அப்ப தூக்கிடட்டுமா?"

"பேரே வேஸ்ட்டு. கேக்கணுமா?"

"ஒரு தடவ பாத்துக்க வேண்டியதுதானே."

"நீங்க தும்மறதையும் நான் கத்தறதையும் யாருங்க உக்காந்து கேக்கறது? தூக்குங்க."

கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டியில் போட்டால் இடத்தை அடைத்துக்கொண்டுதான் இருக்கும், அதனால் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு டிலீட்டைத் தட்டினார். நிரந்தரமாக நீக்கவா என்று கேட்டது. ஆம் என்றார். ஃபோல்டரை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. சிவப்புப் பட்டை பின்வாங்கி நீலமானது. ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து எட்டிப்பார்த்த வேதநாயகி, "அப்பாடி, இனிமே ஒரு வருஷத்துக்குக் கவலையில்ல," என்று அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள்.

செவ்வாய்க்கிழமை காலை அவள் கீரை வாங்க இறங்கினாள். வண்டியருகே மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவளைக் கீரைக்காரர்தான் ஆட்டோவில் ஏற்றினார். ரகுராம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே யாரும் அவசரமாக நடக்கவில்லை. அதைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

காரியங்கள் முடிந்து உறவுக்காரர்கள் ஊருக்குப் போனார்கள். இவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் மின்விசிறியின் சத்தம் மட்டும் இருந்தது. அதை நிறுத்தச் சொல்ல ஆள் இல்லை.

இருபதாம் நாள் அவர் கம்ப்யூட்டரைத் திறந்தார். அவளுடைய குரல் வேண்டியிருந்தது, வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. முடிந்த பதிவுகள் வரிசையாக இருந்தன: ஆறு புத்தகங்கள், எழுபத்தொரு பாடங்கள். முதலாவதைத் தட்டினார்.

"வணக்கம். இந்திய அரசியலமைப்பு. பாடம் ஒன்று. வாசிப்பவர், வேதநாயகி."

அவளேதான். ஆனால் இது அவள் மாணவர்களுக்காகக் கட்டிக்கொண்ட குரல். ஒவ்வொரு சொல்லையும் துடைத்து அடுக்கிவைத்த மாதிரி இருந்தது. எவ்வளவு நேரம் கேட்டாலும் அது யாரையும் கூப்பிடாது. 'ஏங்க' என்று ஒருமுறைகூடச் சொல்லாது. அவர் தேடியது அந்த ஒரு சொல்லைத்தான்.

அவளுடைய ஃபோனில் தேடினார். அதில் அவள் எழுதியவை மட்டும் இருந்தன. பால் வாங்கவும். கேஸ் வரும், இருக்கவும். வீடியோ என்றால் எப்போதும் அவள்தான் எடுப்பாள். எடுக்கும்போது வாயைத் திறக்கமாட்டாள், குரல் விழுந்துவிடுமாம். கல்யாண வீடியோவில் முழுக்க நாதஸ்வரம். வீட்டில் பேசுகிற மாதிரி அவள் பேசியதெல்லாம் ஒரே இடத்தில்தான் சேர்ந்திருந்தது. அந்த இடத்தைத்தான் அவர் காலி செய்திருந்தார்.

மறுநாள் சிபியூவை ஒரு பெட்ஷீட்டில் சுற்றி, ஆட்டோவில், கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்குக் கொண்டுபோனார். அழிந்ததை மீட்டுத் தருகிறவர் என்று விசாரித்து வைத்திருந்த நாகேஷின் கடை ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. நாகேஷுக்கு நாற்பது வயதிருக்கும். கன்னடக்காரர், தமிழ் சரளமாகப் பேசினார்.

மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தவர், "எஸ்.எஸ்.டி.யா ஸார்?" என்றார்.

"ஆமா. நான்தான் மாட்டினேன், ரெண்டு வருஷம் முன்னாடி."

"ஏன், முன்ன இருந்த ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போச்சா?"

"நல்லாத்தான் இருந்தது. ஓடறப்ப கடகடன்னு சத்தம் போட்டுச்சு. மைக்ல விழுதுன்னு வீட்ல சொன்னாங்க. அதனால சத்தம் போடாதத மாட்டி, பழச எடைக்குப் போட்டுட்டேன்."

நாகேஷ் உச்சுக்கொட்டினார். "பழசுன்னா டிலீட் பண்ணாலும் சரக்கு அங்கேயே கெடக்கும் ஸார். பேர மட்டும்தான் அடிச்சு விடும். எப்படியாவது தோண்டி எடுத்துடலாம். இது அப்படியில்ல. டிலீட் பண்ண கொஞ்ச நேரத்துல அதுவே எடத்தத் தொடச்சு வெச்சிடும். ரொம்ப சுத்தக்காரன். இருங்க, நோடோண, பாக்கலாம், ஒரு தடவ ஓட்டறேன்."

ரகுராம் ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் காத்திருந்தார். நாகேஷ் வாங்கி வைத்த டீ ஆடை கட்டியது. கடைசியில் நாகேஷ் திரையை அவர் பக்கம் திருப்பினார்.

"பேரெல்லாம் வருது ஸார். உள்ள ஒண்ணுமில்ல, வெறும் சைபர். தமிழ்ல எழுதியிருக்கு, எனக்குப் பேசத்தான் வரும். நீங்களே பாருங்க."

ரகுராம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அன்றன்றைய பதிவை எது கெடுத்ததோ, அதையே வேதநாயகி பெயராக வைத்திருந்தாள். எதைத் தேடி வெட்ட வேண்டும் என்பது நினைவிருக்க அப்படிச் செய்திருப்பாள். ஹெலிகாப்டர். குக்கர். ஹெலிகாப்டர் 2. காலிங்பெல். இவர். இவர் 2. கீரை. இவர் 3. மழை. இவர் 4. அதற்குப் பிறகு திரையை உருட்ட உருட்ட அதுவேதான் வந்தது. கடைசிப் பெயர், இவர் 58.

"ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வருதே, என்ன ஸார் அது?"

"ஒரு ஆளு."

"முக்கியமான ஆளா?"

ரகுராம் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். நாகேஷ் மூடியைப் பொருத்தி, ஒவ்வொரு திருகாணியாக நிதானமாக முடுக்கி, பெட்ஷீட்டையும் அவரே சுற்றிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு ரகுராம் முடிந்த பதிவுகளை வரிசையாகக் கேட்கத் தொடங்கினார். வெட்ட மறந்த ஒரு இடமாவது இருக்காதா? எங்காவது ஒரு 'ஏங்க' தங்கியிருக்காதா? காலையில் உட்கார்ந்தால் மத்தியானம்வரை கேட்பார். அடிப்படை உரிமைகளைக் கேட்டார். பஞ்சாயத்து ராஜ் கேட்டார். அவள் வேலையில் ஒரு பிசிறுகூட இல்லை. எங்கே வெட்டினாள், எங்கே ஒட்டினாள் என்று காதுக்குப் பிடிபடவே இல்லை. ஐம்பத்தெட்டு நாள் அவர் குறுக்கே புகுந்திருக்கிறார். ஒரு நாள்கூட மிச்சமில்லாமல் எடுத்துவிட்டிருந்தாள். மூன்றாவது புத்தகத்தின் பாதியில் அவர் நிறுத்திவிட்டார். அவள் மீதே கோபம் வந்தது. இவ்வளவு சுத்தமாகவா ஒருத்தி வேலை செய்வாள் என்று. சுவரைப் பார்த்து அதைச் சொல்லவும் சொன்னார். பிறகு கழுவ வேண்டிய இரண்டு தட்டுகளைக் கழுவப் போனார்.

ஒரு வாரம் கழித்து, தெரியாத எண்ணிலிருந்து ஃபோன் வந்தது.

"அங்கிள், என் பேரு ஆஞ்சலா. சிவாஜிநகர்ல ஹாஸ்டல்ல இருக்கேன். ஆன்ட்டி வாசிச்சுக் குடுத்த புக்ஸ் வெச்சுத்தான் பி.ஏ. எகனாமிக்ஸ் படிக்கறேன், தபால்ல. ட்ரஸ்ட்ல நேத்துதான் சொன்னாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல, அங்கிள்."

"பரவாயில்லம்மா," என்றார்.

"புக்ல இன்னும் மூணு பாடம் பாக்கி. அதுக்காகக் கூப்பிடல, ஐயோ, அப்படி நெனச்சுக்காதீங்க. வேற ஒருத்தர் வாசிக்கறதா சொல்லிட்டாங்க. அங்கிள், ஒண்ணு கேக்கலாமா? தும்மறது நீங்களா?"

ரகுராமுக்குப் புரியவில்லை. "எங்க?"

"பணவீக்கம் பாடத்துல. நாலு தும்மல். பின்னாடி, தூரத்துல கேக்கும். ஹாஸ்டல்ல எல்லாருக்கும் தெரியும் அங்கிள். புதுசா யாராவது வந்தா அந்த எடத்தத்தான் மொதல்ல போட்டுக் காட்டுவோம். நாலாவதுக்கு எல்லாரும் சேர்ந்து தும்முவோம். உங்களுக்குத் தும்மல் அங்கிள்னு பேரு. கோவிச்சுக்காதீங்க."

"அது எப்படி இருக்கும்? அவ எல்லாத்தையும் வெட்டிடுவாளே."

"சரிபாக்கறவங்க வெட்டச் சொல்லித் திருப்பி அனுப்பினாங்களாம். நான் ஆன்ட்டிகிட்டயே ஒருநாள் ஃபோன்ல கேட்டேன். அங்க வெட்டுனா வாக்கியம் ஒடஞ்சிடும்மா, அதான் விட்டுட்டேன்னாங்க."

எத்தனையாவது பாடம் என்று கேட்டுக்கொண்டு ஃபோனை வைத்தார். பொருளாதாரம், ஐந்தாவது புத்தகம். அவர் அங்கே போய்ச் சேரவே இல்லை.

மின்விசிறியை நிறுத்திவிட்டு, அவள் வெட்டுவதற்குப் பயன்படுத்திய மென்பொருளிலேயே அந்தப் பாடத்தைத் திறந்தார். இருபத்துமூன்றாவது நிமிடம். "இரண்டாவது காரணம், உற்பத்திச் செலவு கூடுவது" என்று அவள் முடித்தாள். சின்ன இடைவெளி. கதவுக்கு அப்பால் எங்கோ அவர் தும்மினார். அவள் பேசவில்லை. இரண்டாவது தும்மல். அவள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டது கேட்டது. மூன்றாவது தும்மல். அப்புறம் அந்த மௌனம். இன்னொன்று வரும் என்று தெரிந்தவள் காத்திருக்கிற மௌனம். நான்காவதும் வந்தது. மூக்கு வழியாக, ரஜாய்க்குள்ளேயே, சத்தமில்லாமல் அவள் சிரித்த காற்று மைக்கில் பட்டது. பிறகு குரலைச் சரிசெய்துகொண்டாள்.

"மூன்றாவது காரணம்."

'ஏங்க' இல்லை. திரும்பவும் போட்டார். இல்லை. திரையில் இருந்ததை நெருங்கிப் பார்த்தார். இந்தப் பக்கம் ஒரு வாக்கியம் முழுசாக முடிந்திருந்தது. அந்தப் பக்கம் இன்னொரு வாக்கியம் புதிதாகத் தொடங்கியது. நடுவே தட்டையான கோட்டில் நான்கு முட்கள், எதையும் தொடாமல், தனியாக நின்றன. எந்த வாக்கியமும் உடைந்திருக்காது. வெட்டுவதற்கு இருபுறமும் தாராளமாக இடம் இருந்தது. அவருக்கே தெரிந்தது அவளுக்கா தெரிந்திருக்காது?

அவர் கைகளை மேசைமேல் வைத்துக்கொண்டு அழுதார். பீரோவின் கதவுகள் கடைசியாக அவள் திறந்துவைத்தபடியே இருந்தன.

இதெல்லாம் நடந்து எட்டு மாதம் ஆகிறது. கம்ப்யூட்டரில் புதிதாக எதையும் அவர் ஏற்றவில்லை. பட்டை நீலமாகவே இருக்கிறது. மூன்று பாடங்களையும் வேறொருவர் வாசித்து முடித்தார், ஆஞ்சலா பரீட்சை எழுதினாள். காலையில் ஜன்னலைத் திறந்தால் ரகுராமுக்குத் தும்மல் வருகிறது. நான்குதான் வருகிறது.