முணுமுணுப்பார் எடுத்துக்கொடுத்த சொல்

பகலவன் மேற்கே சாய்ந்து நகரத்து மாடங்களுக்கெல்லாம் பொன் பூச, கடைத்தெருவின் இரைச்சல் ஓய்ந்தும் ஓயாமலும் ஒலித்த அம்மாலையில், நாடக அரங்கின் முன்வாயில் வழியே மக்கள் முண்டியடித்துப் புகுந்துகொண்டிருக்க, மேடையோரத் திரை மறைவில், காலொன்று ஆடும் முக்காலியில் ஏடும் கையுமாக அமர்ந்திருந்தார் முணுமுணுப்பார். நடிப்போர் மறந்த பேச்சை மெல்ல எடுத்துக்கொடுக்கும் அவருக்குக் குழுவினர் இட்ட கேலிப்பெயர் அது. சினமோ, காதலோ, ஆற்றொணா அழுகையோ, எவ்வுணர்ச்சிக்கும் உரிய சொல் முப்பது ஆண்டுகளாக அவர் நாவின் நுனியிலேயே காத்துக்கிடந்தது. அடடா, என்ன நினைவாற்றல்! ஆனால் வீட்டில் மனிதர் வாயில்லாப் பூச்சி.

தானே தேர்ந்தவனை மணந்த ஒரே மகளை, "இந்த வாசப்படிய மிதிக்காதே" என்று ஈராண்டுக்கு முன் விரட்டியவர், அன்றுமுதல் அவளோடு பேசவில்லை. இந்நாடகத்துக்கு மறுநாள் அவள் கணவனோடு கடல் கடந்து குடிபெயர்கிறாள்.

"இன்னிக்கு நாடகம் பாக்க வர்றா. ஒரு வார்த்த பேசிருங்க. பெத்த மனசு என்ன கல்லா?" என்று காலையிலேயே மனைவி கெஞ்சியிருந்தாள்.

"எனக்குப் பேச வராதுடி" என்றார் அவர். உண்மையும் அதுதான்.

வேந்தன் தன் மகளை மன்னிக்கும் காட்சி வந்தது. வேந்தராய் நடித்தவர் "மகளே!" என்று தொடங்கி, மேலே பேச்சு வராமல் திருதிருவென விழித்தார். 'அனலிடை மெழுகென நெஞ்சம் உருகுகின்றதே' என்றிருந்தது ஏட்டில். ஆயின், திரையின் இடுக்கு வழியே மூன்றாம் வரிசையில் கண் துடைக்கும் மகளைக் கண்ட முணுமுணுப்பாருக்கு எழுத்தெல்லாம் கலங்கிப்போயின. அவர் வாயினின்று வந்தது வேறு.

"சில்வண்டு... சாப்பிட்டியாடா? கோவத்துல என்னமோ சொல்லிட்டேன். நீ இல்லாம எனக்குச் சோறே எறங்கலடா."

எடுத்துக்கொடுத்ததை அப்படியே சொல்லிப் பழகிய வேந்தர், அதையும் மணிமுடி அதிர முழங்கிவிட்டார். யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். ஓயாமல் பேசித் திரிந்த சிறுமியைச் சில்வண்டு என்றழைத்தவர் உலகில் ஒருவரே.

மூன்றாம் வரிசையில் அவள் எழுந்தாள்.

"இன்னும் சாப்பிடலப்பா!"

முப்பது ஆண்டுகளில் மேடையின் ஒளியில் கால் வையாத அம்மனிதர், ஏட்டை நழுவவிட்டுத் திரையை விலக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

நயமறிந்த நண்பரே, அத்தனை பெரிய உணர்ச்சிக்கு ஏட்டில் எத்தனையோ அணிமொழிகள் இருந்தன. அவற்றை விடுத்துச் 'சாப்பிட்டியா' என்று கேட்டாரே, அந்தத் தகப்பனை நான் இன்றும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.