பதினேழாம் நம்பரின் துக்கம்

பல் டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் மனம் விட்டுப் பேச முடிவது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும்தான். மற்ற ஆறு நாளும் அங்கே வாய் திறந்திருக்கும், பேச்சு வராது.

ஞாயிறு மூன்று மணிக்குக் கிளினிக்கின் வெளிக்கதவைச் சாத்திவிட்டு, கருவிகள் வைக்கும் சக்கர மேசையைத் துடைத்து, அதன் மேல் ரெக்கார்டு பிளேயரை வைப்போம். நாங்கள் நான்கு பேர். பல் டாக்டர் என் மனைவியின் அண்ணன். நான் தையல் மெஷின் ரிப்பேர் செய்பவன். இன்னும் ஒரு தபால்காரர், ஒரு டைப்பிங் டீச்சர். ராக் அண்ட் ரோல் பிறந்த புதிதில் வந்த இசைத்தட்டுகள் மீது நால்வருக்கும் பைத்தியம். வேறு எந்த விஷயத்திலும் எங்களுக்குள் ஒத்துப்போனது கிடையாது. தட்டுகள் எல்லாம் டாக்டர் பழைய சாமான் கடைகளில் பொறுக்கியவை. பிளேயரும் அவருடையதுதான். எங்கள் வீடுகளில் பிளேயர் இல்லை.

இரண்டு விதிகள் உண்டு. அபிப்பிராயம் சொல்பவர் பல் நாற்காலியில் சாய்ந்து படுத்துக்கொண்டுதான் சொல்ல வேண்டும், அவர் எழுந்திருக்கும்வரை யாரும் குறுக்கே பேசக்கூடாது. இது முதல் விதி, வாராவாரம் மீறப்பட்டது. இரண்டாவது விதியை மட்டும் யாரும் மீறியதில்லை. தட்டு வாங்கிய அன்றே அதன் நடுவில் உள்ள லேபிளின் மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டி, ஒரு எண் எழுதிவிடுவார் டாக்டர். "பேரப் பார்த்துட்டா காது பொய் சொல்ல ஆரம்பிச்சிடும்" என்பார். பாடகர் பெயரோ, கம்பெனி பெயரோ, லேபிளில் அச்சடித்த வேறெதுவுமோ எங்களுக்குத் தெரியாது. ஒன்று முதல் நாற்பத்து மூன்று வரை எங்களுக்கு எல்லாமே நம்பர்தான்.

டாக்டரின் உயிர் பதினேழாம் நம்பர். காதலி ரயிலில் போய்விட்டாள் என்று ஒருவர் பாடுவார். கனத்த, இழுத்த குரல். பின்னால் சாக்ஸபோன் துறைமுகத்தில் கப்பல் கூப்பிடுவதுபோல் முனகும். ஆரம்பகால ராக் அண்ட் ரோலின் ஆதாரமே துக்கம்தான் என்பது டாக்டரின் சித்தாந்தம். அதற்கு முதல் சாட்சி பதினேழு.

"எனக்கென்னமோ டாக்டர், மேட்டுல சைக்கிளத் தள்ளிக்கிட்டுப் போறவரு பாடற மாதிரி இருக்கு" என்பார் தபால்காரர்.

"அதுதான்யா துக்கம்! உனக்கே புரிஞ்சிடுச்சு பாரு."

"ஆடறதுக்குன்னு போட்ட பாட்டுன்னு சொல்றாங்களே" என்று டைப்பிங் டீச்சர் ஆரம்பிப்பார். "இதுக்குத் தூங்கிக்கிட்டேதான் ஆடணும். என் கிளாஸ்ல சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகாத பொண்ணு இதவிட வேகமா அடிப்பா."

தபால்காரர் ஒருமுறை கடிதம் கொடுக்கப்போன வீட்டு ரேடியோவில் அதே காலத்துப் பாட்டு ஒன்றைக் கேட்டதாகவும், அது குதித்துக்கொண்டு ஓடியதாகவும் சொன்னார். டாக்டர் அசரவில்லை. "ரேடியோக்காரனுக்கு விளம்பரத்துக்கு நேரம் வேணும்ல? பாட்ட வேகமா ஓட்டி முடிச்சிடறான்."

ஆறு வருடம் இப்படிப் போனது. என் மனைவி சங்கத்தில் சேரவில்லை. "உங்க பாட்டக் கேக்கறதுக்குப் பல்வலியே தேவலாம்" என்று ஒதுங்கிவிட்டாள்.

அப்புறம்தான் உள்ளூர் வானொலி நிலையத்திலிருந்து டாக்டருக்கு அழைப்பு வந்தது. ஞாயிறு நாலு மணிக்குப் பத்து நிமிடம், பிடித்த ஒரு இசைத்தட்டைப் பற்றி நேரடியாகப் பேச வேண்டும். பேச்சு முடிந்ததும் அவர்களே அந்தத் தட்டைப் போடுவார்கள். டாக்டர் ஒரு வாரம் உட்கார்ந்து பதினொரு பக்கம் எழுதினார். கிளினிக்குக்கு வந்த எல்லாருக்கும், வாயில் பஞ்சை வைத்த பிறகு, அதைப் படித்துக் காட்டினார். ஊரில் பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை ரேடியோ கேட்பதாக வாக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த நிலையில் யாரால் மறுக்க முடியும்?

வெள்ளிக்கிழமை அவருக்கு நோயாளிகள் அதிகம். பதினேழை என்னிடம் கொடுத்து, வானொலி நிலையத்தில் ஒருமுறை போட்டுக் காட்டி வரச் சொன்னார். அங்கே ஒரு டெக்னீஷியன் அம்மாள், கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, காகிதத்தை ஈரப்படுத்தி உரித்து, லேபிளில் இருந்ததைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். பிறகு தட்டைச் சுழலவிட்டு முள்ளை வைத்தார்.

ஒரு பையன் பாடினான். இருபது வயதுகூட இருக்காது. ரயில் போனால் போகட்டும், அடுத்த ஸ்டேஷனுக்குள் ஓடிப்போய்ப் பிடித்துவிடுவேன் பார் என்று மார்தட்டுகிற குரல். முனகிக்கொண்டிருந்த சாக்ஸபோன் கூடவே கேலி செய்துகொண்டு ஓடியது.

"அம்மா, வேகமா ஓடுதே?"

"இங்கயா? பாருங்க." அவர் தட்டுக்கு அடியில் சுழலும் உலோக வட்டத்தின் ஓரத்தைக் காட்டினார். ஓரம் முழுக்க வரிசையாகப் புள்ளிகள். பக்கத்தில் ஒரு குட்டி விளக்கு. தட்டு சுற்றிக்கொண்டிருந்தது, ஆனால் புள்ளிகள் அசையாமல் நின்றன.

இது ஒரு அழகான ஏற்பாடு. மின்சாரம் விநாடிக்கு ஐம்பது முறை துடிக்கிறது, அந்தத் துடிப்போடு குட்டி விளக்கும் நம் கண்ணுக்குத் தெரியாமல் மின்னி மின்னி அணைகிறது. தட்டு சரியான வேகத்தில் சுற்றினால், ஒவ்வொரு மின்னலுக்கும் ஒவ்வொரு புள்ளியும் மிகச்சரியாக முன்னால் இருந்த புள்ளியின் இடத்துக்கு வந்து நிற்கும். அதனால் நம் கண்ணுக்கு எதுவுமே நகராது. வேகம் கூடினால் புள்ளிகள் முன்னால் ஊரும், குறைந்தால் பின்னால். அந்த அம்மாளின் புள்ளிகள் ஆணி அடித்ததுபோல் நின்றன.

லேபிளைப் பார்த்தேன். பாட்டின் நீளம் அச்சிட்டிருந்தது: இரண்டு நிமிடம் பத்து விநாடி. கிளினிக்கில் அது இரண்டரை நிமிடத்துக்கு மேல் ஓடும். கிளினிக்கின் பிளேயரை ஆறு வருடத்துக்கு முன் ரிப்பேர் செய்தவன் நான்.

தட்டை ஞாயிறன்று டாக்டரே கொண்டுவரட்டும் என்று திருப்பிக் கொடுத்தார்கள். நேரே கிளினிக்குக்குப் போய், எண்ணெய் போட வேண்டும் என்று பொய் சொல்லி, பிளேயரைக் கடைக்குத் தூக்கி வந்து கழற்றினேன்.

பிளேயருக்குள் ஒரு மோட்டார், மோட்டார் முனையில் புல்லி என்கிற ஒரு குட்டிச் சக்கரம், புல்லியிலிருந்து ஒரு ரப்பர் பெல்ட், அந்தப் பெல்ட்தான் தட்டைச் சுழற்றுகிறது. புல்லி பருமனாக இருந்தால் தட்டு வேகமாகச் சுற்றும், ஒல்லியாக இருந்தால் மெதுவாக. டாக்டர் வாங்கியபோது அதில் புல்லியே இல்லை. நான் கப்பலில் வந்த வேறொரு ஓட்டைப் பிளேயரிலிருந்து ஒன்றைக் கழற்றி மாட்டியிருந்தேன். அது, மின்சாரம் விநாடிக்கு அறுபது முறை துடிக்கும் நாட்டுக்காகச் செய்தது. அங்கே மோட்டார் வேகமாகச் சுற்றும் என்பதால் புல்லியை ஒல்லியாகக் கடைந்திருப்பார்கள். எங்கள் ஊர் ஐம்பதில் அதற்குப் பருமன் போதாது. தையல் மெஷின் மோட்டார் வேறு ஜாதி, அது துடிப்பையெல்லாம் எண்ணாது, பெடலை அழுத்திய அளவுக்கு ஓடும். வாழ்நாள் முழுக்க அந்த மோட்டாரையே பார்த்தவனுக்கு இந்த மோட்டார் மின்சாரத்தின் துடிப்பை எண்ணி ஓடும் என்று தோன்றவே இல்லை.

அளவுகோலை வைத்துப் பார்த்தேன். ஆறு மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து.

கடைக்குப் பின்னால்தான் வீடு. மனைவியைக் கடைக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். தோசைக்கரண்டி கிடைக்காத கோபத்தில் இருந்தவள், கோபத்தை மறந்து கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு மில்லிமீட்டரா? ஒரு மில்லிமீட்டருக்கா எங்கண்ணன் ஆறு வருஷமா அழுதாரு?"

"சிரிக்காத. நாளன்னிக்கு அவரு பத்து நிமிஷம் துக்கத்தப் பத்திப் பேசுவாரு. பேசி முடிச்ச உடனே அவங்க அந்தப் பாட்டப் போடுவாங்க. ஊரே கேக்கும்."

"அதுக்கப்புறம் எங்கண்ணன் யாரு வாயில கைய வெச்சாலும் சிரிப்புதான் வரும்." அவள் முகம் மாறியது. "ஏங்க, சொல்லிடுங்க."

"சொல்லத்தான் வேணும்."

"அப்ப ஏன் போர்டையே பாத்துக்கிட்டு நிக்கறீங்க?"

கடை வாசலில் என் போர்டு தொங்கியது. 'இங்கே ஒருமுறை பழுது பார்த்தால் மறுமுறை தேவை இல்லை.'

சனிக்கிழமை காலையில் லேத் பட்டறையில் உட்கார்ந்து ஆறு மில்லிமீட்டரில் பித்தளைப் புல்லி கடைந்து வாங்கிப் பிளேயரில் மாட்டினேன். நேரடியாகச் சொன்னால் மச்சான் நம்ப மாட்டார், பதினொரு பக்கத்தையும் படித்து என்னைத் தோற்கடிப்பார். அவர் நம்புவது காதை மட்டும். அதனால் உரித்த லேபிளின் மேல் புதுக் காகிதம் ஒட்டி, 'நாற்பத்து நான்கு' என்று எழுதினேன். மத்தியானம் பிளேயரைக் கிளினிக்கில் கொண்டுபோய் வைத்து அவசரக் கூட்டம் கூட்டினேன். என் மனைவி முதல்முறையாகத் தானே வந்து ஜன்னலோரம் உட்கார்ந்ததைப் பார்த்தே டாக்டருக்குச் சந்தேகம்.

"என்ன மாப்ள, நாளைக்கு ரேடியோவ வெச்சிக்கிட்டு இன்னிக்கு என்ன கூட்டம்?"

"புதுத் தட்டு ஒண்ணு மச்சான். உங்க அபிப்பிராயம் வேணும்."

அபிப்பிராயம் என்றதும் நாற்காலியில் ஏறிச் சாய்ந்துவிட்டார். முள்ளை வைத்தேன். இரண்டாவது வரியிலேயே அவர் தலை தூக்கியது. பாட்டு முடிவதற்குள் முழுசாக எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"திருட்டு!" என்றார். "பதினேழோட பாட்ட ஒரு பொடியன் திருடிப் பாடியிருக்கான்! அதே வார்த்தை, அதே மெட்டு. ஆனா துக்கம் எங்க? காதலியத் தொலைச்சவன் மாதிரியா பாடறான்? பஸ்ஸப் புடிச்சவன் மாதிரில்ல பாடறான்!"

தபால்காரரின் கால் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது. "திருட்டா இருந்தாலும் நல்லாருக்கே டாக்டர். இது மேடு இல்ல, எறக்கம்."

"உனக்குத் தெரிஞ்சது சைக்கிள் மட்டும்தான்யா."

டைப்பிங் டீச்சர் மட்டும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருந்தார். "டாக்டர், பதினேழுல ரெண்டாவது தடவ ரயில் வர்ற எடத்துல ஒரு கீறல் இருக்குமே? டிக், டிக், டிக்குன்னு மூணு தடவ? இதுலயும் அதே எடத்துல அது இருந்துதே."

"பாத்தீங்களா? அதையும் திருடி..."

டாக்டர் அத்தோடு நிறுத்திக்கொண்டார். தான் சொன்னதைத் தானே கேட்டது அவர் முகத்தில் தெரிந்தது. கீறலை யார் திருடுவார்கள்?

மெதுவாக என் பக்கம் திரும்பினார். "மாப்ள."

நான் சட்டைப்பையிலிருந்து பழைய புல்லியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். ஐம்பது, அறுபது, பருமன், ஒல்லி, எல்லாவற்றையும் சொன்னேன். மாட்டியது நான்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன். கடைசிக்கு வைத்திருந்தால் தைரியம் போய்விடும்.

அவர் அந்தச் சின்ன உலோகத்துண்டைப் பிடுங்கிய பல்லைப் பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப எல்லாத் தட்டுமேவா?"

"எல்லாமே."

"நாப்பத்தி மூணு பேருமா அழல?"

"ஒருத்தர் ரெண்டு பேரு அழுதிருக்கலாம் மச்சான். போட்டுப் பாத்தாதான் தெரியும்."

தபால்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் வாஷ்பேசினுக்குப் போய் முகம் கழுவினார். டாக்டர் பதினேழை இன்னும் மூன்று தடவை போடச் சொன்னார். மூன்றாவது தடவை அவர் கைவிரல் நாற்காலியின் பிடியில் லேசாகத் தட்டியதை டீச்சர் பார்த்து என்னிடம் ஜாடை காட்டினார்.

"இந்தப் பதினோரு பக்கத்த என்ன செய்யறது?" என்று கேட்டார் டாக்டர், யாரையும் பார்க்காமல்.

"இவர் கடையில ஒரு மெஷின் ஆடிக்கிட்டே இருக்குண்ணா" என்றாள் என் மனைவி. "காலுக்கு அடியில மடிச்சு வெச்சா ஆட்டம் நின்னுடும்."

டாக்டர் தட்டையும் பழைய புல்லியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாளைக்கு என்ன பேசுவார் என்று எங்களுக்குத் தெரியாது. பிடிவாதமாகத் துக்கத்தையே பேசினாலும் பேசுவார். அவரை எனக்குத் தெரியும்.

ஞாயிறு நாலு மணிக்குக் கடையில் ரேடியோவை வைத்துக்கொண்டு நானும் மனைவியும் உட்கார்ந்தோம். தபால்காரரும் டீச்சரும் ஆளுக்கொரு தையல் மெஷின் ஸ்டூலில். டாக்டரின் குரல் வந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டார். காகிதம் புரளும் சத்தமே இல்லை.

"ஆறு வருஷமா ஒரு பாடகருக்காக நான் வருத்தப்பட்டிருக்கேன்" என்று ஆரம்பித்தார். அப்புறம் புல்லியைப் பற்றிச் சொன்னார். நான் சொன்னதைவிட நன்றாகவே சொன்னார், ஐம்பதையும் அறுபதையும் சின்னப் பிள்ளைக்கும் புரியும்படி. "இத மாட்டினவர் என் தங்கச்சி வீட்டுக்காரர். பேரு சொல்ல மாட்டேன், மரியாதையா இருக்காது. தையல் மெஷின் ரிப்பேர் செய்யறாரு. பெரிய கடைத்தெருவுல, மருந்துக்கடைக்கு எதிர்ல, மூணாவது கடை. வாசல்ல ஒரு போர்டு இருக்கும், கட்டாயம் படிச்சுப் பாருங்க."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். தபால்காரர் பொத்திக்கொள்ளவில்லை.

"எனக்கு வெக்கமாத்தான் இருந்துது" என்று டாக்டர் தொடர்ந்தார், குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "நேத்து வீட்டுக்குப் போனப்புறம்தான் யோசிச்சேன். அந்த ஆளு ஒருநாளும் அழல. ரயில் போனப்பவும் சந்தோஷமாத்தான் இருந்திருக்காரு. அதக் கேக்க எனக்கு ஒரு நிம்மதி. அவ்வளவுதாங்க. பாட்டக் கேளுங்க."

பையன் பாட ஆரம்பித்தான். மூன்று தடவை டிக் கேட்டது, நாலு பேரும் சேர்ந்து எண்ணினோம். டீச்சர் பக்கத்தில் இருந்த மெஷினின் பெடலைக் காலால் மிதித்துத் தாளம் போட்டார்.

திங்கட்கிழமை காலை கடையைத் திறப்பதற்குள் வாசலில் மூன்று பேர் நின்றார்கள். முதலில் இருந்த பெண்மணி தன் தையல் மெஷினை மேசையில் வைத்தாள்.

"மெதுவா ஓடுதுங்க" என்றாள் முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு. "பழுதா, இல்ல துக்கமான்னு பாத்து சொல்லுங்க."