மார்க்கண்டு மட்டம் பார்த்த தரை

பஹ்ரைனில், ஈசா டவுனில் மார்க்கண்டு வாடகைக்கு எடுத்த வீட்டில் ஒரு நிலக்கீழ் அறை இருந்தது. பதினொரு படி இறங்க வேண்டும். முன்பு குடியிருந்தவர்கள் அதில் பழுதான ஏசி ஒன்றையும் சக்கரம் இல்லாத சைக்கிள் ஒன்றையும் விட்டுப் போயிருந்தார்கள். அந்த அறையைப் பார்த்த நிமிடமே அது எதற்கு என்று அவருடைய மனைவி குமுதினி முடிவு செய்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலைகளில் அவளும் சிநேகிதிகள் மூன்று பேரும் முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம் ஆடுவார்கள். அதுவரை ஆட்டம் சாப்பாட்டு மேசையில்தான் நடந்தது. மார்க்கண்டு தண்ணீர் குடிக்க வருவதுபோல வந்து, நாலு பேருடைய சீட்டையும் எட்டிப் பார்த்து, யாரோ ஒருத்தியின் பின்னால் நின்று “ச்சா!” என்று நாக்கைத் தட்டிவிட்டுப் போவார். அதோடு ஆட்டம் குழம்பும். ஆகவே உள்பக்கம் பூட்டக்கூடிய கதவுள்ள அறை குமுதினிக்கு மிகவும் பிடித்துப் போனது. தரையில் உட்கார்ந்து ஆடுவதற்குக் கடும்பச்சையில் சுவருக்குச் சுவர் கார்பெட் என்று குதைபியாவில் ஒரு கடையில் சொல்லிவிட்டு வந்தாள்.

கார்பெட் போடுவதற்கு முன் இடம் பார்க்க வந்தவர் இர்ஷாத். நாற்பது வயது மதிக்கலாம், பாகிஸ்தான்காரர், தாடியில் பாதி நரை. அறையின் நடுவில் நின்று ஒரு காலை மாற்றி ஒரு காலை ஊன்றிப் பார்த்தார். பிறகு வளைகுடா இந்தியில் மெதுவாகச் சொன்னார்.

“சாப், நடுவில் பள்ளம். படியடியில் மேடு. இதன் மேல் கார்பெட் போட்டால் ஒரு மாதத்தில் சுருக்கம் விழும். முதலில் தரையை மட்டம் பண்ண வேண்டும். சொன்னால் நானே செய்து தருவேன்.”

மார்க்கண்டு சிரித்தார். இருபத்தாறு வருடம் வளைகுடாவில் கட்டட வேலைகளின் தரம் பார்ப்பதே அவர் தொழில். முதல் பன்னிரண்டு வருடம் சவூதியில், அல் கோபாரில், சைட் சைட்டாக நடந்து தரைக்கும் சுவருக்கும் மட்டம் பார்த்தவர். பஹ்ரைனுக்கு வந்த பிறகு ஆபீசில் இருந்து படங்களும் அறிக்கைகளும் பார்க்கிற வேலை.

“எனக்கே மட்டம் சொல்லித் தாறீங்களா, பாய்?” என்று கேட்டுவிட்டு மேலே போய் ஒரு நீளமான பெட்டியோடு வந்தார். உள்ளே நீல வெல்வெட் துணியில், மட்டம் பார்க்கிற அவருடைய ஸ்பிரிட் லெவல் படுத்திருந்தது. மஞ்சள் நிறம், நாலடி நீளம், ஒரு முனையில் சிவப்பு டேப் சுற்றியது.

இர்ஷாத் அந்த லெவலைப் பார்த்தார். பிறகு மார்க்கண்டுவின் முகத்தைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாய் திறந்து, மூடிக்கொண்டு, தாடியைத் தடவினார்.

“அச்சா சாப். நீங்களே செய்யுங்கள். அடுத்த வெள்ளிக்கு அடுத்த வெள்ளி கார்பெட்டோடு வருகிறேன்” என்று சொல்லிப் படியேறினார். அவர் தோள் இரண்டும் குலுங்கியதுபோல குமுதினிக்குப் பட்டது. இருமல் என்று நினைத்துக்கொண்டாள்.

மார்க்கண்டு லீவு எடுத்தே வேலையைத் தொடங்கினார். படியடி மேட்டை கிரைண்டர் பிடித்துத் தேய்த்தார். வீடு முழுக்க வெள்ளைத் தூசி படிந்து, குமுதினி மூன்று நாள் தலைக்குத் துண்டு கட்டியபடி சமைத்தாள். பிறகு தண்ணீர்போல ஓடித் தானாகவே மட்டமாகி இறுகும் சிமெந்துக் கலவைப் பைகள் எட்டு வாங்கி வந்தார். வாளியில் தண்ணீர் அளந்து ஊற்றி, துளையிடும் மெஷினில் துடுப்பு மாட்டிக் கலக்கி, மூலையிலிருந்து வாசல் வரைக்கும் ஊற்றிக்கொண்டே பின்வாங்கினார். முள் உருளையால் நீவி விட்டார். உள்ளதைச் சொல்ல வேண்டும், நல்ல வேலை. மறுநாள் காலை அறை கோப்பி நிறக் குளம்போல மினுங்கியது.

மார்க்கண்டு வாசலுக்கு முதுகு காட்டி நின்று, லெவலின் எழுத்துத் தனக்கு நேராகத் தெரியும்படி தரையில் வைத்துக் குனிந்து பார்த்தார். அதன் கண்ணாடிக்குள் காற்றுக்குமிழ் நடுக்கோட்டை விட்டு விலகி நின்றது. அறை முழுக்க ஏழு இடத்தில் வைத்தார். ஏழிலும் வலப்பக்கம் உயர்வு என்றே காட்டியது.

“ஏமாத்திப்போட்டாங்கள்!” என்றார். “பைக்குள்ள இருந்தது பழைய சாமான்.”

குமுதினி படியில் நின்று பார்த்தாள். “எனக்கெண்டால் நேராத்தானப்பா தெரியுது.”

“உமக்குத் தெரியாது. மூண்டு மில்லிமீற்றர் கண்ணுக்குத் தெரியாது.”

அவள் சமையலறைக்குப் போய் உருண்டையான தேசிக்காய் ஒன்றோடு வந்து அதைத் தரையின் நடுவில் வைத்துக் கையை எடுத்தாள். தேசிக்காய் அசையாமல் இருந்தது. வேறு இடத்தில் வைத்தாள். அங்கேயும் இருந்தது.

“பாருங்கோ, உருளேல்லை.”

“குமுதினி, தேசிக்காய்க்கு கலிபிரேஷன் சேர்ட்டிபிக்கட் இருக்கோ?”

“உங்கட லெவலுக்கு இருக்கோ?”

“இது ஜெர்மன் சாமான்!” என்றார் மார்க்கண்டு. அவரைப் பொறுத்தவரை பேச்சு அதோடு முடிந்தது.

லீவு முடிந்திருந்தது; அடுத்த மூன்று நாளும் மாலையில் வேலையால் வந்ததும் முழங்காலில் நின்று, இடப்பக்கத்தில் கலவை போட்டு, கரண்டியால் இழுத்து இழுத்து லெவல் வைத்தார். குமிழ் நடுவுக்கு வந்தபோது அவருடைய முதுகு வளைந்து போயிருந்தது. குமுதினி முதுகுக்கு எண்ணெய் போட்டுவிட்டு, அவர் நித்திரையானதும் தேசிக்காயோடு தனியாகக் கீழே இறங்கினாள். அறையின் நடுவில் வைத்தாள். அது ஒரு கணம் யோசித்துவிட்டு வலப்பக்கச் சுவர் வரை ஓடிப்போய் டொக் என்று முட்டியது. அவள் மூன்று தரம் வைத்துப் பார்த்தாள். மூன்று தரமும் டொக். வாயைப் பொத்திக்கொண்டு மேலே வந்தாள். மறுநாள் காலை தேத்தண்ணீர் கொடுக்கும்போதும் ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஒரு நாள்தான் இருந்தது.

வெள்ளி காலை இர்ஷாத் கார்பெட் சுருளைத் தோளில் வைத்து இறங்கினார். சுருளைப் படியில் சாய்த்துவிட்டு, பையிலிருந்து உள்ளே தெரிகிற நீளமான ஒரு பிளாஸ்டிக் குழாயை எடுத்துத் தண்ணீர் நிரப்பினார். அதன் ஒரு முனையை மார்க்கண்டு கையில் கொடுத்து இடப்பக்கச் சுவரோடு பிடிக்கச் சொன்னார். மற்ற முனையை வலப்பக்கச் சுவருக்குக் கொண்டுபோனார். இரண்டு பக்கமும் தண்ணீர் நின்ற இடத்தைப் பென்சிலால் குறித்து, அங்கிருந்து தரைக்கு அளந்தார்.

“சாப், வலப்பக்கம் ஒன்றரை சென்டிமீட்டர் தாழ்வு.”

“நடக்காது” என்றார் மார்க்கண்டு. லெவலைக் கொண்டுவந்து, வாசலுக்கு முதுகு காட்டி நின்று, எழுத்து நேராகத் தெரிய வைத்தார். குமிழ் இரண்டு கோட்டுக்கும் நடுவில் அசையாமல் நின்றது. “பாருங்கோ! இப்ப என்ன சொல்றீங்கள்?”

இர்ஷாத் குந்தி உட்கார்ந்து அந்த லெவலை இரண்டு கையாலும் தூக்கி, இடது முனை வலப்பக்கம் வரும்படி திருப்பி அதே இடத்தில் வைத்தார். குமிழ் ஓடிப்போய் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது.

ஒரே தரை, ஒரே லெவல். திருப்பி வைத்ததும் வேறு கதை சொன்னது.

மார்க்கண்டு மறுபடி திருப்பினார். நடுவில் நின்றது. மறுபடி திருப்பினார். ஓரத்துக்கு ஓடியது. லெவல் நல்லதா என்று இப்படித்தான் பார்க்க வேண்டும் என்று புதிதாக வேலைக்கு வந்த எத்தனையோ பேருக்கு அவரே சொல்லிக் கொடுத்திருக்கிறார். தன்னுடையதை மட்டும் ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை.

“எப்பயிருந்து இப்படி?” என்று கேட்டார். குரல் இறங்கிப் போயிருந்தது.

“எனக்குத் தெரிந்து பதினைந்து வருடமாக, சாப்” என்றார் இர்ஷாத். “கோபாரில், ஒரு ஆபீஸ் கட்டடத்தில், நான் கலவை சுமந்தேன். உங்கள் லெவல் இரண்டாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்தது. நீங்கள் எடுத்துத் துடைத்துவிட்டு, ஒரு முனையில் சிவப்பு டேப் சுற்றினீர்கள்.”

மார்க்கண்டு அந்த நரைத்த தாடிக்குப் பின்னால் ஒரு இளைஞனின் முகத்தைத் தேடினார். கிடைக்கவில்லை. அந்த சைட்டில் முந்நூறு பேர் இருந்தார்கள்.

“அதற்குப் பிறகு நாங்கள் போட்ட ஒரு தரையும் பாஸ் ஆகவில்லை. ஒரே அறையை மூன்று தரம் உடைத்தோம். எங்கள் மேஸ்திரி பெரிய ஆள், அவர்தான் கண்டுபிடித்தார். சாப் எப்போதும் வாசலுக்கு முதுகு காட்டித்தான் நிற்பார், எழுத்து நேராகத் தெரிய வைப்பார் என்று. அன்றிலிருந்து வாசலில் நின்று பார்த்தால் வலப்பக்கம் கொஞ்சம் தாழ்வாகப் போடச் சொன்னார். மீட்டருக்கு மூன்று மில்லி. அதற்கு நாங்கள் ‘மார்க்கண்டு சாப் சரிவு’ என்று பெயர் வைத்தோம். எல்லா அறையும் முதல் தடவையிலேயே பாஸ்!”

படியில் நின்ற குமுதினிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?” என்று மார்க்கண்டு தமிழிலேயே கேட்டு, பிறகு இந்தியில் திருப்பிக் கேட்டார்.

“மேஸ்திரி சொன்னாரே, சாப். ‘இது ஜெர்மன் சாமான்’ என்று சொல்லிவிட்டீர்கள்.”

குமுதினியின் சிரிப்பு இன்னும் கூடியது. மார்க்கண்டு லெவலைச் சுவரோரம் வைத்துவிட்டுக் கடைசிப் படியில் உட்கார்ந்தார். முதலில் அந்த இர்ஷாத்தின் மேல் கோபம்தான் வந்தது. இரண்டு வாரத்துக்கு முன்பே தெரிந்திருந்தும் சொல்லாமல் போனவன். பிறகு, மூன்று தரம் உடைத்த அறை ஞாபகத்துக்கு வந்தது. நாற்பத்தேழு டிகிரி வெயிலில், முகத்தில் துணி சுற்றிக்கொண்டு, தாங்கள் சரியாகப் போட்ட தரையைத் தாங்களே உடைத்தவர்கள். அவர் அப்போது நிழலில் நின்று குடையின் கீழ் படிவம் நிரப்பியிருப்பார்.

“எத்தனை மாடி இப்படி?” என்று கேட்டார்.

“இரண்டு. மூன்றாம் மாடி தொடங்கும் முன்பே நீங்கள் பஹ்ரைனுக்கு மாறிவிட்டீர்கள்.”

மார்க்கண்டு எழுந்தார். “இர்ஷாத் பாய், இந்தத் தரையை நீங்கள் மட்டம் பண்ணுங்கள். நான் கலவை சுமக்கிறேன்.”

அந்த வெள்ளியும் சனியும் அப்படித்தான் நடந்தது. மார்க்கண்டு தான் மூன்று நாள் பாடுபட்டுப் போட்ட சரிவைத் தானே கிரைண்டர் பிடித்துத் தேய்த்தார். தூசியை அள்ளிப் பதினொரு படியும் ஏற்றினார். வாளி வாளியாகக் கலக்கிக் கொண்டுவந்தார். இர்ஷாத் வாசலில் நின்று, “யல்லா சாப், ஜல்தி!” என்று அன்பாகவே விரட்டினார். குமுதினி இர்ஷாத்துக்குத் தேத்தண்ணீரும் ரோல்ஸும் கொடுத்தாள். மார்க்கண்டுவுக்கு வெறும் தேத்தண்ணீர் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இர்ஷாத் குழாய் பிடித்துப் பார்த்தார். மூலைக்கு மூலை சரி. கடைசியில் படியடியில் ஒரு சாண் இடத்தைத் தடவிப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

“ரிஜெக்ட்.”

“என்ன?”

“இந்த இடம் சரியில்லை. உடைத்துத் திரும்பப் போட வேண்டும்.”

மார்க்கண்டு உளி எடுத்து உடைத்தார், கலக்கினார், ஊற்றினார், முழங்காலில் நின்று நீவினார். வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. இர்ஷாத் கைகட்டி நின்று முழுவதையும் பார்த்தார். முடிந்ததும் மார்க்கண்டுவைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்.

“சாப், அந்த இடம் முதலிலும் நன்றாகத்தான் இருந்தது. இது கோபாருக்கு.”

மார்க்கண்டு கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு மூச்சு வாங்க வாங்கச் சிரிக்கத் தொடங்கினார். “இரண்டு தரம் பாக்கி இருக்கே, பாய்?”

“கலாஸ், சாப், முடிந்தது. மிச்சம் இரண்டும் மாஃப், விட்டுவிட்டேன்.”

தரை காய்ந்ததும் செவ்வாய்க்கிழமை பச்சைக் கார்பெட் ஒரு சுருக்கம் இல்லாமல் படுத்தது. வெள்ளி காலை குமுதினியின் சிநேகிதிகள் வந்தார்கள். செருப்பை மேலே கழற்றிவிட்டு இறங்கி, கதவை உள்பக்கம் பூட்டிக்கொண்டார்கள். மார்க்கண்டு மேலே ஹாலில் பேப்பர் வாசித்தபடி இருந்தார். கொஞ்ச நேரம் சீட்டு அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு குமுதினியின் குரல் கேட்டது.

“...அந்தக் கட்டடத்தில பத்து மாடியாம், பத்தும் இவற்ற சரிவுதானாம். சில்லுக் கதிரையில இருந்து ரைப் பண்ணுறவை பின்னேரமாகேக்க உருண்டு சுவரடிக்குப் போயிருப்பினமாம்...”

கீழே கூக்குரல்போலச் சிரிப்பு எழுந்தது. மார்க்கண்டு பேப்பரை மடித்தார். பதினொரு படியும் இறங்கிப் போய்க் கதவைத் தட்டினார்.

“குமுதினி, இரண்டு மாடி!” என்றார். “இரண்டு மாடிதான்!”

உள்ளே யாரோ, “அவர் இரண்டெண்டு சொன்னால் இருபதா இருக்கும்” என்றாள். கதவு திறக்கவேயில்லை.