ஆப்பிள் புழுக்கள் நெய்த கூடாரம்

வளைகுடாவில், ராஸ் அல் கைமாவின் சிமெண்ட் ஆலைக்குப் பின்னால் இருந்த தொழிலாளர் கேம்பில், பாண்டித்துரை செத்துப்போன பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். 2006இல் நடந்தது. உடம்பு ஆஸ்பத்திரிக் குளிர்பெட்டியில், ஊருக்கு அனுப்பும் காகிதங்களுக்காகக் காத்திருந்தது; குறட்டை மட்டும் கட்டிலிலேயே தங்கிவிட்டது. நைட் டியூட்டி முடித்து வந்து, கைலி மாற்றிப் படுத்தவன் சாயங்காலம் எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான். கீழ்க்கட்டிலில் இருந்த பழனிச்சாமிதான் போய் உலுக்கிப் பார்த்தான். இரண்டு பேருக்கும் சிவகங்கைப் பக்கம், அடுத்தடுத்த தெரு.

ஆப்பிள் மரத்திலிருந்து ஆரம்பித்தால்தான் விஷயம் புரியும். முந்தின வருஷம் லீவு முடிந்து பாண்டித்துரை திரும்பிய கையோடு, ஊரில் அவன் பெண்டாட்டி சந்தியாவுக்கு மசக்கை. வாயில் வைத்த எதுவும் தங்கவில்லை, ஆப்பிள் மட்டும்தான் தங்கியது. அதனால் வெள்ளிக்கிழமைதோறும் அவள் அங்கே ஒன்று கடிப்பாள், இவன் இங்கே ஒன்று கடிப்பான். போனைக் காதில் வைத்து ஒருவர் மெல்லும் சத்தத்தை ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பார்கள். "பேசாம மெல்றதுக்கு எதுக்குடா போன் கார்டு?" என்பான் பழனிச்சாமி. தின்று மிஞ்சியதை விதையோடு பாண்டித்துரை ஜன்னல் வழியே, ஏசித் தண்ணீர் சொட்டுகிற இடத்தில் வீசுவான். அதில் ஒன்று முளைத்தது. சந்தியாவுக்கு வயிறு தெரிந்தபோது கன்று ஜன்னலைத் தொட்டது, வளைகாப்பு நடந்தபோது பூத்தது. ஏப்ரலில் அதன் இலைகளில் மஞ்சளாக, கறுப்புப் புள்ளி வைத்த புழுக்கள் வந்தன. அதே அறையில் இருந்த குல்சமானுக்கு ஊரில், ஸ்வாத் மலைப் பக்கம், ஆப்பிள் தோட்டம் உண்டு. எங்கள் ஊர்ப் புழுதான், கூடாரம் கட்டிக் கூட்டமாக உட்கார்ந்து தின்னும் என்றான். எப்படி வந்தன என்று கேட்கவில்லை. விசா இல்லாமல் வந்தவர்களைப் பற்றி அந்தக் கேம்பில் யாரும் எதுவும் கேட்பதில்லை.

உடம்பை எடுத்துப்போன அன்று புழுக்கள் மரத்தை மொட்டையாக்கிவிட்டு, ஜன்னல் வழியே வரிசையாக ஏறி வந்து, மெத்தையில் பாண்டித்துரை படுத்த பள்ளத்தைச் சுற்றி வெள்ளை நூலால் கூடாரம் நெய்தன. மறுநாள் காலையில், அவன் வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு, உள்ளேயிருந்து குறட்டை கேட்டது. மூன்று இழுப்பு, ஒரு விசில். கட்டிலைப் புது ஆளுக்கு ஒதுக்க வந்த கேம்ப் பாஸ் மக்தூம் கொஞ்ச நேரம் நின்று கேட்டார். "கலாஸ், விடுங்க. தூங்கட்டும்," என்று இந்தியில் சொல்லிவிட்டு, புது ஆளுக்கு வராந்தாவில் இடம் போட்டுக் கொடுத்தார். அறையில் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கப் பழகிக்கொண்டார்கள்.

பழனிச்சாமி சாவுச் சங்கதியைச் சொன்னது பாண்டித்துரையின் அப்பாவிடம் மட்டும். "நெறமாசக்காரிப்பா. புள்ள பொறக்குற வரைக்கும் வாயத் தொறந்துறாத," என்றார் அவர், அதையும் மருமகள் காதில் விழாமல் மாட்டுக்கொட்டத்துக்குள் நின்றபடி. அதனால் சந்தியா கேட்கும்போதெல்லாம் பழனிச்சாமி, தூங்குறான் என்றான்.

"எப்பக் கேட்டாலும் தூக்கமா? போனை அவுக வாய்கிட்ட வைங்கண்ணே," என்றாள் ஒரு வெள்ளிக்கிழமை.

வேறு வழி தெரியாமல் பழனிச்சாமி போனைக் கூடாரத்தில் வைத்தான். அந்தப் பக்கம் அவள் சிரித்தாள். "அவுகதேன். லீவுக்கு வந்தப்ப தெருவே முழிச்சுக் கெடந்துச்சு. எழுப்பாதீக, அலுப்பா இருக்கும்."

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் அவள் ஆப்பிள் கடித்துக்கொண்டே குறட்டையைக் கேட்டாள். கார்டு தீரும்வரை போனைப் பிடித்திருப்பது பழனிச்சாமியின் வேலை. அழுதால் அவளுக்குக் கேட்டுவிடும் என்று துண்டைக் கடித்துக்கொள்வான்.

மே மாதம் பெண்குழந்தை பிறந்தது. சந்தியா ஆஸ்பத்திரியிலிருந்தே பேசினாள். "அவுக காதுல வைங்க," என்று சொல்லிவிட்டு, அழுகிற பிள்ளையைப் போன் பக்கத்தில் பிடித்தாள். சத்தம் உள்ளே போனதும் கூடாரம் ஓரமாகக் கிழிந்தது. கறுப்புப் புள்ளி வைத்த சின்ன வெள்ளைப் பூச்சிகள் கூட்டமாகக் கிளம்பி ஜன்னல் வழியே பறந்து போயின. குறட்டை நின்றது. மெத்தையில் அவன் பள்ளம் மட்டும் கிடந்தது.

"சத்தத்தக் காணோம். முழிச்சிட்டாகளாண்ணே?"

"இல்ல தங்கச்சி," என்றான் பழனிச்சாமி. "அன்னைக்குப் படுத்தவன் எந்திரிக்கவே இல்லத்தா."

பிள்ளை அழுது ஓய்கிறவரை அவள் தட்டிக்கொடுத்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப இத்தன நாளு கொறட்டைய நீங்களா விட்டீக?"

"சத்தியமா அவன்தான் தங்கச்சி."

"தெரியும்ணே. அந்த விசிலு வேற யாருக்கும் வராது," என்றாள்.

காகிதங்கள் வந்ததும் சவப்பெட்டியோடு பழனிச்சாமியே ஊருக்குப் போனான். பெட்டியின் மேல் ஒட்டிக்கொண்டு வந்த வெள்ளைப் பூச்சிகளை எந்த ஏர்போர்ட்டிலும் யாரும் தட்டிவிடவில்லை. கேம்பில் மரம் மறுபடி தளிர்த்தது, கட்டில் புது ஆளுக்குப் போனது. பிள்ளை ராத்திரியெல்லாம் கொட்டக் கொட்ட முழித்திருந்துவிட்டு விடிந்ததும் தூங்கும், மூன்று இழுப்பு, ஒரு விசில். பார்க்க வருகிறவர்களை சந்தியா வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொல்வாள். "மெதுவா வாங்க. நைட் டியூட்டி பாத்துட்டு இப்பத்தான் கண்ணசந்திருக்கு."