திருடனாக்கப்பட்ட யசபுரோ

அப்பாவின் நினைவு நாள் பிரசங்கம் முடிந்ததும் தடமிச்சி தன் கையாலேயே புத்த பிட்சு ஜோகனுக்குக் கஞ்சி ஊற்றினார். ஜப்பானின் காமகுரா அரசு நியமித்த நில அதிகாரி தடமிச்சி. பிட்சுவுக்குக் கஞ்சி ஊற்ற இறங்கி வந்தால் கதை பிடித்துப்போயிற்று என்று அர்த்தம்.

"அப்பா நல்ல கதிக்குப் போயிட்டாருன்னு இன்னைக்குத்தான் மனசு ஆறுச்சு சாமி. அடுத்த மாசம் காமகுராவுல பெரியவங்க முன்னாடியும் இதையே சொல்லிடுங்க. கோயில் கூரை என் பொறுப்பு."

ஜோகன் தலையாட்டினார். பிரசங்கக் கதைக்கு ஊரும் பேரும் வேண்டும். எங்கோ ஒருவன் என்று ஆரம்பித்தால் கூட்டம் கொட்டாவி விடும். அதனால்தான் யசபுரோவின் பெயரையே சொன்னார். அதிகாரியின் வயலில் நடுவதற்கு முன்பே தன் வயலில் நாற்று நட்டதற்காக, தடமிச்சியின் அப்பா அம்பெய்து கொன்ற குடியானவன் அவன். ஜோகனின் கதையில் அவன் கோயிலில் திருட வந்து அம்பு பட்டுச் செத்தான். கொன்றவர் மனம் வருந்தி, அமிதாப புத்தரின் பெயரைச் சொல்லி அவருடைய மேற்குச் சொர்க்கத்தில் தாமரையில் பிறந்தார். திருடன் நரகத்தில் வெந்துகொண்டிருந்தான். கேட்டுச் சண்டைக்கு வர அவனுக்கு யார் இருக்கிறார்கள்? பெண்டாட்டி அன்றே ஊரை விட்டுப் போனவள்.

அவள் வாசலில் நின்றிருந்தாள். சேறு காயாத கால்களோடு தொராமே கும்பிட்டாள்.

"நெனவு நாள்னு கேள்விப்பட்டு வந்தேன் சாமி. அவரு திருடப் போனது எனக்குத் தெரியாது. வயல்ல நின்னப்பதான் அம்பு பட்டுச்சுன்னு நெனச்சிட்டிருந்தேன். பக்கத்துலதான் நானும் நட்டுக்கிட்டிருந்தேன். சரியா பாக்கல போலிருக்கு."

அவள் கத்தியிருந்தால்கூட ஜோகன் தாங்கியிருப்பார்.

"அவர அங்கேருந்து மீட்க என்ன செய்யணும் சாமி?"

நான் சொன்னது பொய் என்ற வார்த்தை நாக்கு வரை வந்தது. உள்ளேயிருந்து தடமிச்சி எட்டிப் பார்த்தார்.

"அமிதாபர் பேரச் சொல்லும்மா," என்றார் ஜோகன். சொன்ன வாயை அறைந்துகொள்ளத் தோன்றியது.

அவள் அங்கேயே விரித்திருந்த பாயில் உட்கார்ந்து உரக்கச் சொல்ல ஆரம்பித்தாள். "நமு அமிதா. திருடன் யசபுரோவ மன்னிச்சிடு. நமு அமிதா."

தடமிச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. அவரும் வந்து கைகூப்பி அவளோடு சேர்ந்து சொன்னார். ஜோகன் உதட்டை மட்டும் அசைத்தார்.

அதிகாரி உட்காருவதற்காகத் தொராமே பாயிலிருந்து நகர்ந்து வெறுந்தரைக்குப் போனாள்.