இடது கதவு ஸ்பீக்கர்

1

இந்தக் கதை எனக்கு வில்லியனூரில், சிராஜுதீன் பாயின் கார் ஸ்டீரியோ கடையில் கிடைத்தது. கிடைத்தது என்று நாகரிகமாகச் சொல்கிறேன், ஒட்டுக்கேட்டேன். என் ஸ்கூட்டர் ஹாரனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால் அங்கே போய் நின்றிருந்தேன். ஒரு பழைய காரின் முன்பக்க இடது கதவைப் பிரித்து வைத்திருந்த பாய், "இந்த ஸ்பீக்கருக்கு ஒயரே வரலபா" என்றார். கார்க்காரன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ஒரு ஸ்பீக்கர் பாடாததற்கு நாற்பது வயது ஆள் தரையில் உட்காருவானா? அதைத்தான் எழுதிப் பார்க்கிறேன். மற்றதெல்லாம் நான் கட்டியது. அந்த ஆள் நீதானே என்று கேட்டு உயிரை வாங்காதீர்கள். எனக்குக் காரும் கிடையாது, அப்பாவும் கிடையாது.

2

முதல் தொடக்கம்: "ஒதியம்பட்டில் அன்று மழை பிடித்துக்கொண்டது. அருண் சேவியர் காரின்..."

பங்குனியில் ஏது மழை? சோகக் கதை என்றால் உடனே மழையைக் கூப்பிடுகிற புத்தி.

இரண்டாவது: "காது என்பது மனிதனின்..."

ஐயோ, வேண்டாம்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். ஒதியம்பட்டு அருண் சேவியர் டவுனில் ஒரு மருந்துக் கிடங்கில் வேலை பார்க்கிறான். அவன் அப்பா சூசைநாதன் முப்பது வருஷமாகப் பெரிய வெள்ளிக்கிழமையில் மாதா கோயிலில் புலம்பல், அதாவது இயேசு பட்ட பாடுகளைச் சொல்லி அழுகிற பாட்டு, பாடுகிறவர். இரண்டு வருஷமாகக் காது மந்தம். போன வருஷம் பாடகர் குழு நிறுத்திய பிறகும் அவர் பாட்டுக்கு வேறு ராகத்தில் பாடிக்கொண்டே போனார். பின்வரிசையில் சிரித்தார்கள். சிரிப்பு அவருக்குக் கேட்கவில்லை, ஆனால் முகங்கள் தெரிந்தன. அதன்பின் பங்கு சாமியார் பாட்டை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து சூசைநாதன் சரியாகச் சாப்பிடவில்லை.

டாக்டர் காது மெஷின் எழுதிக்கொடுத்தார். "செவிட்டு மெஷின மாட்டிக்கினு ஆண்டவர் பாடுகள நான் பாட மாட்டேன்" என்று பெரியவர் ஒரே போடாகப் போட்டுவிட்டார். மெஷின் விலையைக் கேட்டிருந்த அருணும் ரொம்ப வற்புறுத்தவில்லை. (இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. நான் சொல்கிறேன், எனக்கென்ன.)

3

காரில் நல்ல ஸ்பீக்கர் நாலு போட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு, புலம்பலைப் பென்டிரைவில் அலறவிட்டால் அப்பாவுக்கு ராகம் திரும்பிவிடும் என்று அருண் நம்பினான். நம்புவதற்கு மெஷினைவிடச் செலவு குறைவு. விபத்தில் நொறுங்கிய ஏதோ காரிலிருந்து கழற்றிய ஸ்பீக்கர்களையும் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையரையும் பாய் மலிவாகக் கொடுத்தார். மாட்டும் கூலியை மிச்சம்பிடிக்க, அருண் போனில் வீடியோ பார்த்துத் தானே ஒயர் இழுத்தான். ஒயர் கதவுக்குள் போகிற இடத்தில் ஒரு ரப்பர் குழாய் போடவேண்டும். அது எதற்குத் தண்டச் செலவு என்று விட்டுவிட்டான்.

"தவக்காலத்துல கார்ல செட்டு போட்டுக்கினு டொம்டொம்னு சுத்துறியே, ஊரு இன்னா பேசும்?" என்றாள் மனைவி ஆரோக்கிய ஜெனிபர்.

"சினிமா பாட்டு இல்லடி, புலம்பல்."

"அதையுந்தான் டொம்டொம்னு போடுற."

தவக்காலம் தொடங்கிய சாம்பல் புதனிலிருந்து தினம் சாயங்காலம் அரியூர்வரை போய்த் திரும்பினார்கள். சூசைநாதன் இடது சீட்டில் கண்ணை மூடி, கதவு ஸ்பீக்கர்மேல் உள்ளங்கையை வைத்துத் தலையாட்டிக்கொண்டு வருவார்.

"கேக்குதாப்பா?"

"ஏன்டா கத்துற? இந்தக் கதவுலதான் கணீர்னு வருது. கையிலயே வந்து பாடுறாங்கடா."

அருணுக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாளே பங்கு சாமியாரிடம் போய், "அப்பாவுக்கு இப்ப நல்லா கேக்குது ஃபாதர், இந்த வருசம் அவரே பாடட்டும்" என்று காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டான். அவரும் சரி என்றார். அன்று ராத்திரி சூசைநாதன் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

4

பெரிய வெள்ளிக்கு முந்தின நாள், பெரிய வியாழன் காலையில் அருண் பாட்டைப் போட்டுவிட்டுக் கார் துடைத்தான். இடது கதவருகே குனிந்தபோது அந்த ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. தினமும் வலது பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்கு மற்ற மூன்றும் போட்ட இரைச்சலில் இது தெரியவே இல்லை.

காரைப் பாய் கடைக்கு ஓட்டிப்போனான். இனிமேல்தான் நான் பார்த்த காட்சி. பாய் ஒயர் நுனியைத் தூக்கிக் காட்டினார்.

"இது நேத்து அறுந்தது இல்ல தம்பி. செம்பு கறுத்துப்போய்க் கெடக்குது. நீ மாட்டுன அன்னிக்கே கதவு இடுக்குல நசுங்கி வெட்டிக்கிச்சு. ரப்பர் குழாய் போடச் சொன்னனா இல்லியா?"

"அப்பா இந்தக் கதவுலதான் பாய் கேக்குதுன்னாரு."

பாய் ஒயரைக் கீழே விட்டார். "பெரியவரு இன்னா பண்ணுவாரு? நீ அவ்ளோ ஆசையா செஞ்ச" என்றார். பிறகு, "சேத்துடவா?" என்று கேட்டார்.

"இருக்கட்டும் பாய்."

ஏன் இருக்கட்டும் என்றான்? மூன்று நாளாக இந்த ஒரு வார்த்தையில் மாட்டிக்கொண்டு கிடக்கிறேன்.

5

எழுதிக் கிழித்த முடிவுகள்:

அருண் அப்பாவிடம் உண்மையைச் சொல்கிறான். அவர், "தெரியும்டா, நீ சந்தோசமா இருந்த" என்கிறார். எழுதும்போது எனக்கே அழுகை வந்தது, அதனால்தான் கிழித்தேன். அழவைப்பது சுலபம். மறுநாள் அவர் என்ன செய்வார்?

அருண் ஓசைப்படாமல் ஒயரைச் சேர்த்துவிடுகிறான். சாயங்காலம் கதவு நிஜமாகவே அதிர, அப்பா வெடுக்கென்று கையை எடுக்கிறார். இருவருக்கும் தெரிந்துபோகிறது. பிறகு அந்தக் காருக்குள் எப்படி உட்காருவார்கள்?

அருண் சாமியாரிடம் போய், பாட்டை மாற்றிக் கொடுத்துவிடுங்கள் என்கிறான். சொந்த மகனே அப்பாவை இறக்கிவிட்ட...

முடியவில்லை.

[சூசைநாதன்மேல் எனக்கு ஒரு சந்தேகம். அவர் பொய்யே சொல்லாமலும் இருக்கலாம். மண் ரோட்டில் கார் குலுங்கியதைப் பாட்டு என்று நம்பியிருக்கலாம். அப்படியானால் மறுநாள் அவர் முழு நம்பிக்கையோடு எழுந்து நிற்பார். எனக்கு அப்பா கிடையாது என்றேன். இருந்தார். நான் செய்ததையெல்லாம் அவரும் நல்லாயிருக்குடா என்றுதான் சொன்னார்.]

6

வியாழன் சாயங்காலம். அறுந்த ஒயர் அறுந்தபடியே கதவுக்குள் கிடக்கிறது. அருண் வீட்டுக்கு வருமுன்பே சூசைநாதன் வெள்ளைச் சட்டை போட்டு வாசலில் நிற்கிறார். ஏறி உட்கார்ந்து, கதவில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார்.

"போடுடா. நாளைக்கு ஒரு எடத்துலயும் தப்பக் கூடாது."

அருண் கையைப் பட்டன்வரை கொண்டுபோகிறான். அழுத்தவில்லை. எஞ்சினும் ஓடவில்லை. காருக்குள் ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை.

சூசைநாதன் தலையாட்டத் தொடங்குகிறார்.

"ஆங்... இன்னிக்கு இன்னும் நல்லா கேக்குதுடா."

இதற்குமேல் என்னால் ஆகாது. நாளை மூன்று மணிக்குக் கோயில் நிறைந்துவிடும், பின்வரிசை உட்பட. பின்சீட்டில் நீங்கள்தான் இருக்கிறீர்கள். அருண் கண்ணாடியில் உங்களைத்தான் பார்க்கிறான். பெரியவரிடம் சொல்வதென்றால் நீங்களே சொல்லுங்கள். கொஞ்சம் கத்தித்தான் சொல்லவேண்டியிருக்கும்.